சாரலுக்கு முன்னால் அலமாரியைத் திறங்கள்

வீட்டிலேயே மேசை போட்டுத் தொழில் நடத்தும் பிள்ளைகள் இன்று தென்காசி வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 2011-ல் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தபோது, வயல்காட்டுக்கு நடுவில் கணினி வேலையா என்று ஊரே வியந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இலஞ்சிக்கும் ஆய்க்குடிக்கும் கடையத்துக்கும் வந்தார்கள். சிலர் திரும்பிப் போகவே இல்லை. இவர்கள் போக எல்.ஐ.சி. முகவர்கள், அஞ்சலகச் சேமிப்பு முகவர்கள், ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறவர்கள் என்று வீட்டு முன்னறையே அலுவலகமாக இருப்பவர்கள் பலர். நானும் வரிக்கணக்கு எழுதுகிறவன்தான். என் அலுவலகம் எங்கள் வீட்டுத் தார்சா. பாவூர்சத்திரத்துக் காய்கறி மண்டிச் சீட்டு, புளியங்குடி எலுமிச்சை வியாபாரியின் பில் கட்டு, மர அறுவை மில்லின் கொள்முதல் ரசீது எல்லாம் மஞ்சள் பையில் அங்கேதான் வந்து சேரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த மேசை வாங்கலாம், எந்த நாற்காலி முதுகுக்கு நல்லது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது இந்த ஊரின் காற்றையும் ஈரத்தையும் பற்றி. எங்கேயோ உள்ள அறையைப் படத்தில் பார்த்து அதேபோல் இங்கே அமைத்தால், ஒரு ஆடி மாதம் தாங்காது.

1. மேற்குச் சுவரை நம்பாதீர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை விடாது. இந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதற்கு அந்தக் கணவாய்தான் காரணம். அதே காற்று உங்கள் மேற்கு ஜன்னல் வழியாகச் செம்மண் தூசியையும், கொஞ்ச நேரத்தில் சாரலையும் சாய்வாகக் கொண்டுவந்து மேசைமேல் போடும். கண்ணுக்குத் தெரியாத அளவு பூந்தூறல்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் காகிதம் சுருண்டுவிடும். ஆகவே ஜன்னலுக்கு நேர் கீழே மேசை வேண்டாம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி, உள்சுவரை ஒட்டிப் போடுங்கள். பீரோவை மேற்கு வெளிச்சுவரில் சாத்தவே கூடாது. அந்தச் சுவர் மழையைக் குடித்து, ஓதம் உள்ளே இறங்கும். எந்தச் சுவரானாலும் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். துடைப்பமும் போகும், காற்றும் போகும், கரையான் ஏறினால் கண்ணிலும் படும்.

2. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பெரிய சுத்தத்தைக் கத்திரி வெயிலில் செய்யுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது செய்வதுதான் வழக்கம். அது வீட்டுக்குச் சரி, அலுவலகத்துக்குக் காலம் தப்பியது. மே மாதத்தில் பெரும்பாலும் காற்று காய்ந்து கிடக்கும். ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை இறங்கினால் இரண்டொரு நாளில் நமக்குச் சாரல் வந்துவிடும். அதற்கு முன்னால் அலமாரியில் உள்ள அத்தனையையும் வெளியே எடுங்கள். தட்டுகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம். கோப்புகளைத் திண்ணை நிழலில் விரித்து மின்விசிறிக் காற்றில் ஒருநாள் விடுங்கள். நேர் வெயிலில் போட்டால் மை வெளுத்துக் காகிதம் முறுகிவிடும். பிறகு எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று அப்போதே முடிவு செய்யுங்கள். வரிக்கணக்குக்காரர்களுக்கு இது வசதியான காலமும்கூட: மார்ச்சோடு நிதியாண்டு முடிந்திருக்கும், போன ஆண்டுக் கட்டு முழுதாகக் கையில் இருக்கும்.

3. ஈரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். அறுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. எழுபதைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். முதலில் தோல் பை, அடுத்து புத்தக அட்டை, பிறகு கேமரா லென்ஸ். குற்றாலச் சீசனில் அறை முழுவதையும் காயவைக்க யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். காக்க வேண்டியதை ஒரு சின்ன இடத்துக்குள் கொண்டுவந்து அந்த இடத்தை மட்டும் காயவையுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் மணி. ஆரஞ்சு நிற மணியாக வாங்குங்கள். ஈரம் குடித்தால் பச்சையாகும். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டில் வேண்டாம். டப்பாவில் வைக்கிற காகிதம் காய்ந்ததாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஈரக் காகிதத்தை இறுக மூடினால் நீங்களே பூஞ்சை வளர்க்கிறீர்கள்.

அறையில் ஏ.சி. இருந்தால் மத்தியானம் ஒரு மணி நேரம் ‘டிரை’ நிலையில் ஓடட்டும். சீசனில் அந்த அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுவதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

4. இரும்பு எதுவும் காகிதத்தைத் தொடக்கூடாது. குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் எல்லாம் ஒரே சீசனில் துருப்பிடித்துப் பழுப்புக் கறை போடும். கறை பட்ட இடம் அடுத்த ஆண்டு ஓட்டையாகும். அரசு அலுவலகங்களில் துளையிட்டு டேக் நூலில் கோப்பது சும்மா வந்த பழக்கம் இல்லை. ரப்பர் பேண்டும் வேண்டாம். வெயிலில் உருகி, பிறகு காகிதத்தோடு ஒட்டிக் காய்ந்துவிடும். பருத்தி நாடா நல்லது.

5. மூலப் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும், பின்பக்கம் முத்திரையோ மேலொப்பமோ போட முடியாது, பிரிக்கவும் முடியாது. கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீது வேறு வகை. அது சில மாதங்களில் எழுத்தே இல்லாத வெள்ளைத் தாளாகிவிடும் என்பதால் வந்த அன்றே நகல் எடுங்கள்.

6. பூச்சிக்கு மருந்து அடிப்பதற்கு முன் பூச்சிக்கு இடம் கொடுக்காதீர்கள். கரையான் மண்ணிலிருந்துதான் வரும், ஈரத்தைத் தேடித்தான் வரும், சுவரில் மண் கோடு போட்டுக்கொண்டு வரும். அட்டைப் பெட்டியைத் தரையில் வைப்பது அதற்கு இலை போட்டுப் பரிமாறுவது. பெட்டிக்குக் கீழே நாலு செங்கல், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான் செலவு. ராமபாணப் பூச்சி பசைக்கு வரும். பழைய நோட்டு முதுகிலும் உறை விளிம்பிலும் பாருங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணியில் முடிந்து தட்டில் வைக்கலாம். பச்சை வேப்பிலையைப் பறித்து அப்படியே வைத்தால் ஈரத்தைத்தான் உள்ளே வைக்கிறீர்கள். நாள் முழுக்க உட்காரும் அறையில் பாச்சை உருண்டை வேண்டாம், அந்த நெடி உடம்புக்கு ஆகாது.

உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடி தேடித் திருநெல்வேலி வந்தபோது ஒரு கவிராயர் வீட்டில் ஏடுகள் இருந்த ஒழுங்கைக் கண்டு நெகிழ்ந்ததை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். தூசி கிடையாது, பூச்சி கிடையாது, ஒரு கட்டின் ஏடு இன்னொன்றில் கலக்கவில்லை. அதுவும் வீடுதான், அங்கேயும் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் ஓடின. இன்று நம் மாவட்டத்தில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூரிலோ, கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் சிதைந்துவிட்டன என்று நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் நொந்துபோனார். ஒரே சீமை, ஒரே வெயில், ஒரே மழை. கவனித்த வீட்டில் தமிழ் பிழைத்தது. உங்கள் அலமாரியில் இருப்பது பத்துப்பாட்டு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஒரு பீடி சுற்றும் அம்மாளின் பி.எஃப். தாள் அவளுக்கு அதைவிடக் குறைந்தது அல்ல.

7. சீசனுக்கு வருகிற சொந்தங்களை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். இதை வெளியூர்க்காரர் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. ஆனி பிறந்ததும் தொலைபேசி வரும்: “மெயின்ல தண்ணி விழுதா? ஐந்தருவில கூட்டமா?” அடுத்த சனிக்கிழமை அத்தான், மதினி, பிள்ளைகள், அவர்களோடு இன்னும் இரண்டு பேர் வந்து இறங்குவார்கள். வரட்டும். குற்றாலத்துப் பக்கத்தில் வீடு இருப்பதன் பெருமையே அதுதான். அவர்கள் படுக்க உங்கள் அலுவலக அறைதான் கிடைக்கும். அதையும் சந்தோஷமாகக் கொடுங்கள். அருவியில் குளித்துவிட்டு வந்தால் ஈரத்துண்டு உங்கள் நாற்காலி முதுகில் தொங்கும். எண்ணெய் தேய்த்த தலை உங்கள் சுவரில் சாயும். மேசைமேல் மங்குஸ்தான் தோல், நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம், கருப்பட்டிக் காப்பி டம்ளர். யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு அது அலுவலகம் என்றே தெரியாது.

எனவே உங்கள் அலுவலகம் அரைமணி நேரத்தில் மூட்டை கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பூட்டுள்ள ஒரே ஒரு பீரோ. மடிக்கணினி, ஹார்ட் டிஸ்க், வாடிக்கையாளர் கோப்புகள், கையெழுத்து வாங்கிய தாள்கள், டிஜிட்டல் கையெழுத்துக் கருவி எல்லாம் அதற்குள் போய்ச் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். மேசைமேல் மிஞ்சுவது ஒரு விளக்கும் பேனாவும் மட்டும். அந்த அறையிலேயே ஒரு துண்டுக் கொக்கியை வாசல் பக்கம் அடித்துவையுங்கள். கொக்கி இருந்தால் ஈரத்துண்டு நாற்காலிக்குப் போகாது. வாடிக்கையாளர் ஒருவரின் வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று உங்கள் விருந்தாளி தற்செயலாகக்கூடப் பார்க்கக்கூடாது. தென்காசி சின்ன ஊர். சம்பந்தம் பேசுகிற இடத்தில் அந்தத் தகவல் போய் நிற்கும்.

அந்த வாரங்களில் முக்கிய வேலையை விடியற்காலையில் முடித்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் தாக்கல் செய்ய வேண்டியவற்றை ஜூன் நடுவிலேயே தயார் செய்துவிடுவது இன்னும் நல்லது.

8. தினமும் எழுந்திருக்கும்போது மேசையை மூடுங்கள். காலையில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. டம்ளரை அடுக்களைக்குக் கொண்டுபோங்கள், தாள்களை அன்றன்றைய தட்டில் போடுங்கள், ஒரு காய்ந்த துணியால் மேசையைத் துடையுங்கள். தின்பண்டத்தை அந்த மேசையில் வைக்கவே வேண்டாம். சிற்றெறும்பு துகளுக்கு வந்து, பிறகு ரூட்டருக்குள்ளும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் குடியேறும். காற்றுக்காலத்தில் பெருக்கும் நேரமும் முக்கியம்: கணினியைத் துணியால் மூடிய பிறகு பெருக்குங்கள், தூசி அடங்கிய பிறகு துடையுங்கள்.

9. இயந்திரங்கள். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டி, பெயிண்ட் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். திரவத்தைத் திரைமேல் நேராகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். சீசனில் பயன்படுத்தாமல் கிடக்கும் கருவிதான் முதலில் கெடும். பழைய மடிக்கணினி இருந்தால் வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள், அதன் சூடே அதன் ஈரத்தைப் போக்கும். பிரிண்டர் சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் குற்றம் காகிதத்தின் மேல்: பிரித்த கட்டை உறையிலேயே திருப்பி வைத்து, அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் தட்டில் போடுங்கள். இங்க்ஜெட் ஆனால் வாரம் ஒரு வண்ணப் பக்கம் அடியுங்கள், மை உறையாது. இன்வெர்ட்டர் பேட்டரியைக் கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது வாயு வெளிவரும், அமிலப் பூச்சும் படியும். அதைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். ஐப்பசியில் இடி இறங்கத் தொடங்கினால் கணினியோடு ரூட்டர் அடாப்டரையும் பிடுங்கிவிடுங்கள்.

10. நீங்கள் இல்லாத நாளில் இன்னொருவர் எடுத்துத்தர முடிய வேண்டும். ஒழுங்கு என்று நான் மதிப்பது இதைத்தான். நீங்கள் மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். உங்கள் அம்மாவோ வீட்டுக்காரியோ போனில் நீங்கள் சொல்லச் சொல்ல அந்தக் கோப்பை எடுக்க முடிகிறதா? முடியும் என்றால் அறை அழகாக இல்லாவிட்டாலும் ஒழுங்காக இருக்கிறது. கோப்பு முதுகில் ஆண்டு முதலில், பெயர் அடுத்து, என்ன வேலை என்பது மூன்றாவது. தமிழில், பெரிய எழுத்தில். கணினியிலும் அதே வரிசை: 2025, பெயர், மாதம். ‘புதியது’, ‘கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று பெயர் வைக்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை அங்கே ஒட்டாதீர்கள்.

11. எவ்வளவு காலம் வைப்பது, எப்படிக் கழிப்பது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைக்க வேண்டும். 2023-24-க்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. எனவே அந்தக் கட்டு 2030 டிசம்பர் 31 வரை உங்கள் அலமாரியில் இருக்கும். மேல்முறையீடு நடந்தால் இன்னும் நீளும். கழிக்கும் தேதியைக் கட்டின்மேலேயே எழுதிவைத்தால் ஒவ்வொரு கத்திரி வெயிலிலும் யோசிக்க வேண்டியதில்லை.

கழிக்கும்போது பழைய பேப்பர் கடைக்கு மொத்தமாகப் போடுவதை நான் மனதாரக் கண்டிக்கிறேன். ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புத்தக நகலும் எடைக்குப் போய் வடைப் பொட்டலமாக ஊரைச் சுற்றும். நம்பிக் கொடுத்தவருக்கு அதைவிடத் துரோகம் இல்லை. கிழிக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டுக் கையால் கூழாக்குங்கள். முதலிலேயே நகல் வாங்குவதைக் குறைப்பது அதைவிட நல்லது. எண் மறைத்த ஆதாரே பெரும்பாலான வேலைக்குப் போதும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஓட்டுநர் உரிமம் டிஜிலாக்கரில் இருக்கிறது.

12. ஒரே இடத்தில் இருப்பது பாதி தொலைந்த மாதிரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் கீழ்த்தட்டுச் சான்றிதழும் பத்திரமும் சேறாயின. ஆகையால் முக்கியமானது எதுவும் இடுப்புயரத்துக்குக் கீழே வேண்டாம். கணினியில் உள்ளதற்கு மூன்று படி வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ வேறு ஊரில் உள்ள தங்கை வீட்டிலோ.

அப்படியும் காகிதம் நனைந்துவிட்டால் உங்களுக்கு இருப்பது இரண்டு நாள் அவகாசம். அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள், ஒட்டிய தாள்களைப் பிய்க்காதீர்கள். எழுத்தில்லாத வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை இறங்கும். கட்டு பெரியதாக இருந்து ஒரே நாளில் முடியாதென்றால், மிச்சத்தைச் சின்னச் சின்ன உறைகளாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரீசரில் வையுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. பெரிய நூலகங்களில் வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களுக்குச் செய்வதும் இதுதான். பிறகு ஒவ்வொரு உறையாக எடுத்து, பனி இறங்க இறங்கத் தாள்களைப் பிரித்து உலர்த்துங்கள். வீட்டில் மீன் வைக்கும் தட்டைத் தவிர்த்து வேறு தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.